திருநின்றவூருக்கு வாடகைக் கார்

பிப்ரவரி 3, திங்கள். நாவலூர்

இந்தப் பயணத்தில் எழுதப் போவதை முதலிலேயே எண் போட்டு வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எங்கெங்கோ போய்விடுவேன்.

1. மகள் உலகம்மையின் கல்யாணப் பத்திரிகையைச் சென்னை உறவினர்களுக்கு வீடு வீடாகப் போய் வைப்பதற்கு, கார் ஒன்றை வாடகைக்கு எடுப்பதா, வேண்டாமா?

2. எடுத்தால் ஓட்டுநரோடு எடுப்பதா, நானே ஓட்டுவதா?

3. எந்த வீட்டுக்கு முதலில் போவது? குறைந்த தூரத்தில் எல்லா வீடுகளையும் தொட்டுத் திரும்பும் பாதை எதுவோ அதுவே சரியான வரிசை. இது கணக்கு. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

4. ஆவுடையின் அண்ணன் திருமலைக்கொழுந்து வீடு திருநின்றவூரில் இருக்கிறது. வெகு தூரம். ஆகவே அது கடைசி. வேறு காரணம் எதுவும் இல்லை.

5. முடிவுரை.

இதுவரை எழுதியதைத் தோளுக்கு மேலாக எட்டிப் படித்த என் மனைவி ஆவுடை, "நாலாவதுல, வேற காரணம் இல்லைன்னு எழுதியிருக்கியளே, யாரு கேட்டா?" என்றாள்.

யாரும் கேட்கவில்லைதான். ஒரு கூற்றை எழுதும்போது அதன் எல்லையையும் எழுதிவிடுவது என் வழக்கம். ஓய்வு பெறும்வரை தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்தியவன். ஒரு வியாபாரி பல ஊர்களுக்கும் போய்த் திரும்ப வேண்டும், மிகக் குறைந்த தூரத்துக்கு அவன் எப்படிப் போவான் என்ற கணக்கை வருடம் தவறாமல் போட்டுக் காட்டியிருக்கிறேன். வருடம் தவறாமல் ஒரு பையன் எழுந்து, "சார், இது வாழ்க்கையில எங்க சார் வரும்?" என்று கேட்பான். "வரும், உட்காரு" என்பேன். வந்துவிட்டது.

காலையில் பொதிகை ரயில் எங்களை எழும்பூரில் இறக்கிவிட்டது. உலகு வந்து கூட்டிப்போனாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனி இந்தப் பக்கம் என்பதால் இங்கேயே ஒரு அடுக்குமாடியில் குடியிருக்கிறாள். எழும்பூரிலிருந்து நாவலூர் வந்து சேர்வதற்குள் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போய் ஒரு காபியும் குடித்திருக்கலாம். "சென்னை எங்கம்மா முடியுது?" என்று கேட்டேன்.

"முடிஞ்சதும் சொல்றேம்ப்பா" என்றாள்.

தென்காசியில் ஓர் உறவினர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போவதென்றால், செருப்பைத் தேடும் நேரம்தான் அதிகம். இங்கே வேளச்சேரியில் ஒருவர், மாதவரத்தில் ஒருவர், தாம்பரத்துக்கு அப்பால் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். வேண்டுமென்றே செய்ததுபோல இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை பத்திரிகை வைப்பதில்லை. ஆகையால் காரைப் பற்றி யோசித்தேன்.

காருக்கு ஆதரவாக: ஆவுடையின் வலது முட்டி. எதிராக: இந்த ஊர்ப் போக்குவரத்து, வண்டி நிறுத்த இடம், என் கண், என் வயது, அடுத்தவர் வண்டியில் கீறல் விழுந்தால் வரும் மனக்கஷ்டம். ஓட்டுநரோடு எடுத்தால் இதில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும் என்றாள் உலகு. தீர்ந்துவிடும்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது குடும்ப விஷயங்களைப் பேச முடியாதே என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் கார்ல அப்படி என்னப்பா ரகசியம் பேசப்போறீங்க?"

"ரகசியமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் ஆவுடை, வெண்டைக்காய் நறுக்கியபடி. "டிரைவர் ஓட்ட, இவுக பின்னால உக்காந்துபோயி இறங்குனா, திருநின்றவூர்ல சிரிப்பாகன்னு ஒங்க அப்பாவுக்கு."

இது சரியல்ல. அந்தச் சம்பவத்தை நான் மறந்து பல வருடம் ஆகிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஆவணி மாதம், வியாழக்கிழமை, மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்திக்கு வாழையிலை போதவில்லை. கடைக்குப் போய்வரத் தன் காரை என்னிடம் கொடுத்தார். போனேன், வாங்கினேன், வந்தேன். அவர் வீட்டுச் சந்து குறுகல். தலையால் நுழைந்த வண்டி திரும்பி வர முடியாது, பின்பக்கமாகத்தான் கேட்டுக்குள் விட வேண்டும். நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். அப்போது என் மைத்துனர், பந்திக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "எங்க மாப்ள ரிவர்ஸ் எடுத்து முடிக்கதுக்குள்ள இந்த வீடு பழசாயிரும், இன்னொரு கிரகப்பிரவேசம் வைக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பச்சைக்கரை வேட்டி கட்டிய ஒருவருக்குப் புரையேறியது. கேட்டுத் தூணுக்கோ வண்டிக்கோ சேதம் எதுவும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகும் சந்தர்ப்பம் எனக்கு அமையவில்லை. ஆவுடை மட்டும் வருடத்துக்கு ஒரு தரம் தனியாகப் போய்வருகிறாள்.

எனக்கு அவர்மேல் வருத்தம் கிடையாது. அவர் குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் ஒரு பூவின் படம் போட்டு 'காலை வணக்கம்' சொல்கிறார். நான் அவற்றையெல்லாம் பார்ப்பதில்லை. நேற்று அல்லி. இன்று செம்பருத்தி.

கார் விஷயம் முடிவாகவில்லை.

பிப்ரவரி 5, புதன்

காலை உணவுக்கு முன்பே ஆவுடை கேட்டாள்: "மொதல்ல அண்ணன் வீட்டுக்குப் போயிருவோமே. தாய்மாமனுக்கு வச்சுட்டுத்தான மத்தவங்களுக்கு."

நான் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். தெற்கே இருக்கிறோம். திருநின்றவூர் வடமேற்கு மூலை. அங்கே போய்விட்டு மறுபடி வேளச்சேரிக்கு வருவது, மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவதாகும். கார் இருந்தால் வேறு விஷயம், கார்தான் இன்னும் முடிவாகவில்லையே என்றேன். அவள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு தாம்பாளத்தைத் துடைக்கப் போனாள்.

உலகு போனில் வரவழைத்துத் தந்த டாக்ஸியில் கிளம்பினோம். வேளச்சேரியில் ஆவுடையின் சித்தப்பா மகன் நெல்லையப்பன் வீடு. ஆவுடை தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், பத்திரிகை எல்லாம் வைத்து நீட்டினாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கையோடு, "திருநின்றவூர்ல வச்சாச்சா, அத்தான்?" என்று என்னிடம் கேட்டார்.

"இனிமேத்தான்" என்றாள் ஆவுடை, என்னைப் பார்க்காமல். பார்க்காமல் இருப்பதற்கும் ஒரு திசை உண்டு.

"வழியில இதுதானே முன்னால வருது" என்று விளக்கினேன்.

"வழியிலயா?" என்றார் நெல்லையப்பன். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எங்களுக்குத்தான் மொத பத்திரிகையா!" எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்து, 'உலகு கல்யாணத்துக்கு முதல் அழைப்பு எங்களுக்கே' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். நல்ல மனிதர். நாங்கள் படி இறங்குவதற்குள் போட்டுவிட்டார்.

அடுத்து குரோம்பேட்டை. என் பெரியப்பா மகள் செண்பகக்கா. தாம்பாளத்தை நீட்டியதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏ லிங்கம், தாய்மாமனுக்கு வைக்காம எனக்கு வைக்க வந்தியாக்கும்? கொழுந்து நாளப்பின்ன எம் மூஞ்சியில முழிப்பானா?"

"இல்லக்கா, இது தூரத்தை வச்சுப் போட்ட கணக்கு..."

"ஒன் கணக்கக் கொண்டுபோயி காலேஜுல வையி. ஆவுடை, நீயாவது சொல்லப்படாதா?"

"சொல்லாம இருப்பனா மதினி?" என்றாள் ஆவுடை.

பத்திரிகையை வாங்கவில்லையே தவிர, காபி கொடுத்தாள், முறுக்கு கொடுத்தாள், தோட்டத்துக் கொய்யாவும் கொடுத்தாள். திரும்பும்போது தாம்பாளம் கனமாக இருந்தது. கொய்யாவும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது வீட்டுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று பூ வரவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்றும் வரவில்லை. நெல்லையப்பன் போட்ட படத்துக்கு எல்லோரும் வாழ்த்துப் போட்டிருக்கிறார்கள். மைத்துனர் பார்த்துவிட்டார் என்று மட்டும் காட்டுகிறது.

ஆவுடை அண்ணனுக்கு இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. அண்ணன் மனைவி மதினிக்குச் செய்தாள். "அவுக மொட்டமாடியில இருக்காக" என்று மதினி சொன்னாராம். நல்ல வெயில்.

பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டு, பிறகு பணிவாகப் போனில் பேசலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். ஆவுடை கோபப்பட்டால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் கோபப்படவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"உலகு கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டியாறது தாய்மாமன். எனக்கு ஒரே அண்ணன். அண்ணன் வரலைன்னா அந்தப் பிள்ள கைய யாரு பிடிப்பா? கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

போட்டுப் பார்த்தேன். வரவில்லை.

மாலையில் உலகு வந்ததும், கார் எடுக்கலாம் என்று சொன்னேன்.

"டிரைவரோடதானேப்பா?"

"இல்ல. ஞாயித்துக்கிழமை போறோம். ஓட்டுநர்களுக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டாமா?"

உலகு அம்மாவைப் பார்த்தாள். ஆவுடை மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

பிப்ரவரி 8, சனி

கார் வந்துவிட்டது. வெள்ளை நிறம். எண் பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள். வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் வண்டிக்கு அப்படித்தானாம். யார் பார்த்தாலும் தெரிந்துவிடும். கொண்டுவந்த இளைஞர் வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்தார். நானும் எடுத்தேன். அவர் சிரித்தார்.

மாலையில் கீழ்த்தளத்து வண்டி நிறுத்துமிடத்தில் பின்னால் எடுத்துப் பழகினேன். பின்பக்கம் தெரிய ஒரு திரை இருக்கிறது. ஏதாவது நெருங்கினால் கூவுகிறது. எல்லாமே நெருங்கி இருக்கும் இடத்தில் அது ஓயாமல் கூவியது. அதை நம்பாமல் ஆவுடை பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"நாந்தான் தூணு. வாங்க."

"கொஞ்சம் தள்ளி நில்லேன்."

"தூணு தள்ளி நிக்குமா? வாங்க."

காவலாளி வந்து பார்த்தார். வெளியே போக வேண்டிய இரண்டு கார்க்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் சில முயற்சிகளில் தூண் அசையவில்லை. கடைசி முயற்சியில் "ஐயோ" என்று சொல்லி நகர்ந்துவிட்டது. ஆகையால் தேர்ச்சி பெற்றேனா இல்லையா என்று சொல்வதற்கில்லை.

மைத்துனரிடம் சொல்ல வேண்டியதை மூன்று பகுதியாக மனப்பாடம் செய்துகொண்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை வெயில் ஏறுமுன் புறப்பட்டோம். கிண்டி, கோயம்பேடு, அம்பத்தூர், ஆவடி என்று நான் பாதை வகுத்திருந்தேன். உலகு வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஊருக்குள்ள எதுக்குப்பா? வண்டலூர் போய் வெளிவட்டச் சாலையில ஏறுங்க. நேரா நெமிலிச்சேரி. அங்க இறங்கினா மாமா வீடு பக்கம்."

"அந்தச் சாலை படத்துல இல்லையே."

"இந்த மேப் எப்ப வாங்கினீங்க?"

"கிரகப்பிரவேசத்துக்குப் போனப்ப."

உலகு அந்தப் படத்தை மடித்து வைத்துவிட்டாள். போனில் வழி போட்டு, அம்மா கையில் கொடுத்தாள்.

வண்டலூர் வரை என் உள்ளங்கை ஈரமாகவே இருந்தது. வெளிவட்டச் சாலையில் ஏறியதும் பயப்படுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அகலமான சாலை. எப்போதாவது ஒரு லாரி. இரண்டு பக்கமும் வெட்டவெளி, நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல உயரமான அடுக்குமாடிகள். ஏரி ஒன்றில் கொக்குகள் நின்றன. நான் ஓரமாக மெதுவாகப் போனேன். வண்டி உறுமிக்கொண்டே வந்தது.

"அஞ்சாவது கியரப் போடுங்க" என்றாள் ஆவுடை.

"நம்ம மாருதியில நாலுதானே."

"இது நம்ம மாருதி இல்ல. அந்தக் குச்சி மேலயே அஞ்சு எழுதியிருக்கு பாருங்க."

போட்டேன். உறுமல் நின்றது.

"பாத்தியளா. வண்டிக்கே நிம்மதியாயிட்டு."

வழியில்தான் சொன்னாள், அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் ஆனதையும், அதற்குப் பிறகு அவர் காரை விற்றுவிட்டதையும். இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணன் பேச்ச எடுத்தாலே பேப்பரத் தூக்கிக்கிடுவிய. பேப்பர்ட்டயா சொல்ல?" என்றாள்.

அதற்குள் போன், இடது பக்கம் இறங்கச் சொன்னது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"எது?"

"ஒண்ணுமில்ல."

சந்து அப்படியேதான் இருக்கிறது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். மைத்துனர் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். வேட்டி, தோளில் துண்டு. தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஆவுடை தாம்பாளத்தோடு இறங்கினாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

"வா ஆவுடை" என்றார். என்னைப் பார்த்து, "வாரும்" என்றார். கேட்டின் தாழை எடுக்கவில்லை.

"வேளச்சேரிக்கு மொத அழைப்பாமே. படம் பாத்தேன். எல்லாரும் நல்லாச் சிரிச்சுக்கிட்டு இருந்திய."

ஆவுடை தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றாள்.

மனப்பாடம் செய்த மூன்று பகுதிகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "மச்சான்" என்றேன். இந்தச் சொல்லை நான் சொல்லிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. "மச்சான், வரிசை போட்டது நானு. ஆவுடை இங்கதான் மொதல்ல வரணும்னா. நான்தான் கிலோமீட்டர் கணக்குல போட்டுட்டேன்."

"எத? தாய்மாமனையா? கிலோமீட்டர் கணக்குலயா?"

"ஆமா."

அவர் அதை வாய்க்குள் போட்டு மென்று பார்ப்பவர்போல நின்றார். என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. சந்துக்குள் தண்ணீர் லாரி வந்து பலமாக ஒலி எழுப்பியது. எங்கள் கார் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

"லாரி வந்துட்டு. தெருவுல வண்டிய விட்டுட்டு நின்னா அத்தன பேரும் ஏசுவான்" என்று சொல்லிக் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்தார். "உள்ள விடும்."

ஏறி உட்கார்ந்தேன். பின்பக்கத் திரை கூவ ஆரம்பித்தது. முதல் தடவை வண்டி குறுக்காக நின்றது. முன்னால் எடுத்து மறுபடி முயன்றேன். இன்னும் குறுக்காக நின்றது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து குடத்தோடு வந்தவர்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். லாரி ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "பெர்சு, சீக்கிரம் எடு! தண்ணி ஆவியாப் போய்டப் போவுது!" என்றார். மைத்துனர் படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று தோன்றியது.

மூன்றாவது முயற்சியில் அவரால் பொறுக்க முடியவில்லை. படி இறங்கி, கேட்டைத் தாண்டி, தெருவுக்கே வந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியின் பின்புறத்தை ஓங்கித் தட்டினார்.

"ஒடியும், ஒடியும்! வலது! அது இடது, மாப்ள! இத்தன படிப்புப் படிச்சிருக்கீரு, வலது எது இடது எதுன்னு எவனும் சொல்லித் தரலையா? ஆங், இப்ப நேராக்கும். வாரும். வாரும். பயப்படாதயும், நான் நிக்கேன்லா. வாரும்."

வண்டி நின்ற பிறகும் ஒரு தடவை "வாரும்" என்றார்.

அதற்குச் சற்று முன்பு ஒரு சத்தம் கேட்டிருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடி கேட்டுத் தூணை உரசிய சத்தம். எல்லோரும் கேட்டார்கள். நான் இறங்கி வந்தபோது மைத்துனர் குனிந்து, தூணில் முகத்தை ஒட்டவைத்து, விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கீறல்.

"இது இந்தப் பக்கம்" என்றார். என் மணிக்கட்டைப் பிடித்து எதிர்த் தூணுக்கு இழுத்துப் போனார்.

வீடு முழுக்கப் புது மஞ்சள் பெயின்ட். அந்தத் தூணில் மட்டும், இடுப்பு உயரத்தில், ஒரு கை அகலத்துக்குப் பழைய நீலம் விடப்பட்டிருந்தது. நீலத்தின் நடுவே ஒரு கீறல்.

"ரெண்டு தடவ பெயின்ட் அடிச்சாச்சு. ரெண்டு தடவயும் அடிக்கவன்ட்ட, இந்த எடத்த விட்ருப்பான்னுட்டேன். ஏன் சார்னான். எங்க மாப்ள வந்துட்டுப் போன அடையாளம், அவரு திரும்ப வரட்டும், அடிச்சுக்கிடலாம்னேன்." நீலத்தை விரலால் தடவினார். "ரெண்டாவது தடவ வந்தவன், இன்னுமா சார் வரலைன்னான்."

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"சரி, விடும்" என்றார். "அது வீட்டுக்கு. இது உலகு கல்யாணத்துக்கு. ரெண்டு தூணுக்கும் பாரபட்சம் இல்லாமப் போச்சு."

ஆவுடைதான் முதலில் சிரித்தாள். பிறகு குடத்துக்காரர்கள். லாரிக்காரரும் சிரித்தார். அவருக்கு என்ன புரிந்தது என்று தெரியவில்லை. நானும் சிரித்தேன். புரையேறியது.

(செவ்வாய்க்கிழமைக் குறிப்பில், தூணுக்குச் சேதம் இல்லை என்று எழுதியிருப்பதைத் திருத்திப் படிக்கவும்.)

மைத்துனர் கை கால் கழுவிவிட்டு வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மதினியைப் பக்கத்தில் நிறுத்தி, கிழக்கே பார்த்து நின்று தாம்பாளத்தை வாங்கினார். வாங்கிக்கொண்டு நெடுநேரம் பத்திரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தன் பெயரைத் தேடினார். தாய்மாமன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆவுடை அச்சடிக்கும்போதே பார்த்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு எல்லாம் தயாராக இருந்தது. வடையும் பாயசமும் திடீரென்று முளைத்துவிடாது. "காலையிலயே உலகு போன் போட்டுட்டா, நீங்க வண்டியில வாறியன்னு" என்றார் மதினி. "அதுலருந்து இவுக கேட்டுப் பக்கத்துலதான் நிக்காக. காப்பியக்கூட அங்க கொண்டுபோயித்தான் குடுத்தேன்."

"வெயில் காய நின்னேன்" என்றார் மைத்துனர்.

பாயசம் குடிக்கும்போது, இன்னும் எத்தனை வீடு பாக்கி என்று கேட்டார். சொன்னேன். "நாளைலருந்து நானும் வாரேன். உமக்கு ஊரு தெரியாது. எனக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு பேத்தையும் சேத்தா ஒரு டிரைவர் வருவான்."

பிப்ரவரி 10, திங்கள்

இன்று காலை குழுவில் பூவுக்குப் பதிலாக இரண்டு தூண்களின் படம் வந்தது. கீழே 'காலை வணக்கம்' என்று எழுதியிருந்தது.

பிப்ரவரி 12, புதன்

நேற்று செவ்வாய், ஓய்வு. திங்களும் இன்றும் சேர்த்து எல்லா வீடுகளையும் முடித்தோம்.

வரிசையை மைத்துனர் போட்டார். மூத்தவர் முதலில், பெரிய வீட்டுக்காரர் முதலில், போன கல்யாணத்தில் கோபித்துக்கொண்டவர் அதற்கும் முதலில். குரோம்பேட்டையிலிருந்து மாதவரம், மாதவரத்திலிருந்து மறுபடி தாம்பரம். இதைவிட நீளமான பாதையை யாராலும் வகுக்க முடியாது. என் மாணவன் யாராவது இப்படி எழுதியிருந்தால் சுழித்திருப்பேன். ஆனால் ஒரு வீட்டிலும் யாரும் கையைப் பின்னால் கட்டவில்லை. தாய்மாமனே காரிலிருந்து இறங்கும்போது, தாய்மாமனுக்கு வைத்தாயிற்றா என்று எப்படிக் கேட்க முடியும்? செண்பகக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இப்பத்தான்டே கணக்கு சரி" என்றாள்.

மைத்துனர் என் பக்கத்தில் உட்கார்ந்து வழிநெடுக வர்ணனை செய்துகொண்டே வந்தார்.

"மாப்ள, ஒரு சைக்கிள் முந்துது."

"முந்தட்டும்."

"பால்காரன். அவனுக்கும் அவசரம் இருக்கும். இந்தா, இப்ப ஒரு அம்மா நடந்தே முந்துதா."

"மச்சான், அது சிக்னல். நாம நிக்கிறோம்."

"அப்படியா? எனக்கு வித்தியாசம் தெரியலையே."

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ஆவுடை ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். வேகத்தைக் குறைத்தேன். "இன்னுமா கொறைக்கணும்?" என்றவர், திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

காரைத் திருப்பிக் கொடுத்தோம். அதே இளைஞர் வந்து நான்கு பக்கமும் பார்த்தார். பக்கவாட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் நின்றார். "சார், இது எங்க பட்டது?"

நான் வாய் திறப்பதற்குள், வழியனுப்ப வந்திருந்த மைத்துனர், "எங்க வீட்டுத் தூணுல. நல்ல காரியத்துக்குப் பட்டது தம்பி. எழுதிக்கோங்க" என்றார். இளைஞரும் எதையோ எழுதிக்கொண்டார். அதற்கு உரியதை உலகு பார்த்துக்கொண்டாள்.

இன்று இரவு ரயில். மைத்துனரும் மதினியும் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே தென்காசி வந்துவிடுவார்கள். "ஸ்டேஷனுக்கு நீரே வண்டியக் கொண்டுவந்துரும். ரயில் ஒரு மணிக்கூறு முந்தி வந்தாலும் பரவால்ல, நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லியிருக்கிறார்.

முடிவுரை எழுதுவதாக முதல் நாள் ஐந்தாவது எண்ணில் சொல்லியிருந்தேன்.

கார் எடுத்தது சரி. நானே ஓட்டியது சரியா என்று தெரியவில்லை, ஆனால் ஓட்டினேன். மூன்றாவது எண்ணில் போட்ட கணக்கை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், வீடுகள்தான் ஒத்துழைக்கவில்லை.

நான்காவது எண்ணில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. வேறு காரணம் எதுவும் இல்லை என்பது ஒன்று. அதைப் பற்றி இப்போது எழுத நேரமில்லை, பெட்டி கட்ட வேண்டும். ஆவுடை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

திருநின்றவூர் வெகு தூரம் என்பது மற்றது. அது தவறு. அவ்வளவு தூரமில்லை.